எழுதாத வசனம்

கல்முனைக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் நேரத்தில் சென்று நின்றவர்கள் அறிவார்கள். கயிற்றின் இரு முனைகளிலும் நிற்கும் மனிதர் வாய் மூடி இழுப்பதில்லை. ஒருவர் ஒரு சொல்லை எறிவார். மறு முனையில் நிற்பவர் அதனினும் காரமான ஒன்றைத் திருப்பி எறிவார். இடையே ஒரு சிறுவன் தன் வயதுக்கு மீறிய பேச்சொன்றைப் பேசி முதுகில் ஒன்று வாங்கிக் கொள்வான். மடி கரையேறி, மீன் குறைவென்று தெரிந்ததும் அத்தனை பேச்சும் ஒரு நொடியில் அடங்கிப் போகும். இந்நாடகத்துக்கு வசனம் எழுதியவர் எவருமில்லை. ஆயினும் எழுதி நடிக்கப்படும் எத்தனையோ நாடகங்களில் காணக் கிடைக்காத ஓர் உயிர் அதில் இருக்கிறது.

கைப்பேசியிலேயே படம் பிடிக்கக் கூடிய இக்காலத்தில், நம் பகுதி மாணவர்கள் பலருக்குத் திரைப்படம் எடுக்கும் ஆசை வந்திருக்கிறது. அவர்கள் கேட்கும் முதற் கேள்வி ‘பணத்துக்கு எங்கே போவது?’ என்பது. இரண்டாவது கேள்வி ‘வசனம் யார் எழுதுவது?’ என்பது. முதலாவதற்குப் பின்னர் வருவோம். இரண்டாவது கேள்விக்கு, ‘யாரும் எழுத வேண்டாம்’ என்று விடை கூறிய சிலர் உலகில் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய கதையைச் சற்று விரிவாகச் சொல்வதே நம் நோக்கம்.

1957 ஆம் ஆண்டு. நியூயோர்க் நகரில் ஜோன் கசவெட்டீஸ் என்ற இளம் நடிகர், நடிப்புப் பயிற்சி வகுப்பொன்றை நடத்தி வந்தார். வகுப்பில் ஒரு நாள் கொடுத்த பயிற்சி, அவர் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரு கறுப்பினக் குடும்பம். இரு சகோதரர், ஒரு சகோதரி. தங்கையின் நிறம் வெளுப்பு. அவளை விரும்பும் வெள்ளை இளைஞன், அவளுடைய அண்ணனைக் கண்ட பிறகே அவள் எந்த இனத்தவள் என்பதை அறிகிறான். இவ்வளவுதான் கதை. பேசுவதை நடிகர்களே அந்த அந்த நேரத்தில் கண்டு பேசிக் கொள்ள வேண்டும். பாத்திரங்களின் பெயரும் நடிகர்களின் சொந்தப் பெயர்களே.

இதையே படமாக்குவோம் என்று கசவெட்டீஸ் எண்ணினார். கையில் பணமில்லை. ஜீன் ஷெப்பர்ட் என்பவர் நடத்தி வந்த இரவு நேர வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்குச் சென்று, ‘சாதாரண மனிதர்களைப் பற்றிய படம் வேண்டுமானால் நீங்களே ஆளுக்கு ஒரு டொலர், இரண்டு டொலர் அனுப்புங்கள்’ என்று கேட்டு விட்டு வந்தார். ஏறத்தாழ 2,000 டொலர் வந்து சேர்ந்தது. 16 மில்லிமீற்றர் கமராவைக் கையில் எடுத்துக் கொண்டு, வகுப்பு மாணவர்களோடு வீதியில் இறங்கினார்கள். ‘ஷடோஸ்’, அதாவது ‘நிழல்கள்’, என்ற படம் இவ்விதம் தொடங்கியது.

படம் பிடித்து முடிந்தபின் வந்த துன்பம் வேடிக்கையானது. எழுதப்பட்ட வசனம் இல்லை அல்லவா? படப்பிடிப்பின்போது யார் என்ன பேசினார் என்று குறித்து வைக்கவும் ஒருவரை நியமிக்கவில்லை. வீதியில் பதிவு செய்த ஒலியோ பல இடங்களில் தெளிவில்லை. திரையில் உதடுகள் அசைகின்றன. சொல் என்னவென்று பேசியவருக்கே நினைவில்லை! கடைசியில் உதட்டசைவைக் கண்டு பேச்சை அறியக்கூடிய காது கேளாதோரை அழைத்து வந்து, தம் படத்தின் வசனத்தைத் தாமே அவர்களிடம் கேட்டு அறிந்து கொண்டதாகக் கசவெட்டீஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். படம் எடுக்கப் புகும் நம் மாணவர்கள் இந்தச் செய்தியை ஒரு சீட்டில் எழுதிக் கமராவில் ஒட்டிக் கொள்வது நல்லது. ஒரு பாடக் கொப்பியும் பென்சிலும் கொண்ட ஒரு தம்பி, ஆயிரம் ரூபா ஒலிபெருக்கியை விடப் பெறுமதியானவன்.

1958 இல் படத்தை முதன் முறையாகத் திரையிட்டபோது, வந்தவர்களிற் பலர் மகிழவில்லை. இதிலே கவனிக்கத் தக்கது என்னவென்றால், கசவெட்டீஸுக்கும் திருப்தியில்லை. கமராவின் வித்தைகளில் மயங்கி மனிதர்களை விட்டு விட்டோம் என்பது அவர் கண்ட குறை. 1959 இல் நடிகர்களை மறுபடியும் கூட்டி, படத்தின் பெரும் பகுதியைப் புதிதாக எடுத்தார். இம்முறை பல காட்சிகள் முன்கூட்டியே எழுதப்பட்டன. செலவு மொத்தம் 40,000 டொலர் அளவில் நின்றது என்பார்கள். 1960 இல் வெனிஸ் நகரத் திரைப்பட விழாவில் அது பாராட்டுப் பெற்றது. படம் முடியும் போது, இதுவரை நீங்கள் பார்த்தது எழுதி வைக்காமல் நடித்த படம் என்ற கருத்தில் ஓர் அறிவிப்புத் திரையில் வரும். அதுவும் முழு உண்மையன்று என்பதை இப்போது நாம் அறிவோம். அதனாற் படத்தின் பெருமை குறைந்து விடவில்லை. முதலில் வாயாற் பேசிக் கண்டுபிடித்து, பிறகு தேவையான இடத்தில் எழுதிக் கொண்டார்கள், அவ்வளவே.

கடலோரத்தில் வாழும் நமக்கு இதைவிட நெருங்கிய கதை ஒன்று இத்தாலியில் நடந்தது. 1947 இல் லுக்கினோ விஸ்கொன்ரி என்னும் நெறியாளர் சிசிலித் தீவில் ஆச்சி திரெஸ்ஸா என்ற மீனவர் ஊருக்குச் சென்றார். ‘பூமி நடுங்குகிறது’ என்று பொருள்படும் பெயர் கொண்ட அப்படத்தில் நடித்தவர் அனைவரும் அவ்வூர் மக்கள். வியாபாரிகளின் பிடியிலிருந்து விடுபட, வீட்டை ஈடு வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கும் ஒரு மீனவக் குடும்பம் புயலில் தோணியை இழந்து அழிவதே கதை. விஸ்கொன்ரி நிலைமையை மட்டும் விளக்கி விட்டு, ‘இப்படி நடந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?’ என்று அந்த மனிதரையே கேட்பாராம். அவர்கள் சொன்ன சொல்லே வசனமாயிற்று. சிசிலிப் பேச்சு பிற இத்தாலியருக்குப் புரியாதே என்ற கவலை எழுந்தபோது, பேச்சை மாற்றவில்லை. விளக்கம் கூறும் குரல் ஒன்றைத் தனியே சேர்த்துக் கொண்டார்கள்.

இந்த இடத்தில் நாம் நம் ஊர்ப் பேச்சுக்கு வருகிறோம். தமிழகத்துப் படங்களைப் பார்த்துப் பார்த்து, திரைப்படத் தமிழ் என்றால் அது மதுரையிலோ சென்னையிலோ பேசுவது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி விட்டது. யாழ்ப்பாணப் பேச்சாவது சில படங்களில் இடம் பெற்றது. ‘பிறகு’ என்பதை ‘மறுகா’ என்று சொல்லும் நம் பேச்சு, வாப்பாவும் உம்மாவும் ராத்தாவும் காக்காவும் வீட்டு முற்றத்தில் பேசிக் கொள்ளும் பேச்சு, திரையில் எத்தனை முறை கேட்டிருக்கிறது? நம் மாணவரிடம் பேனாவைக் கொடுத்து வசனம் எழுதச் சொன்னால் அவரும் ‘பிறகு’ என்றே எழுதுகிறார். பள்ளிக்கூடம் கொடுத்த பழக்கம், குற்றமன்று. அதே மாணவரின் மூத்தம்மாவை அமர்த்தி, ‘நிலைமை இது, நீங்கள் பேசுங்கள்’ என்றால் ‘மறுகா’ தானாக வரும்.

இலங்கையிலே தமிழ்ப் பேச்சின் பல வகைகளும் ஒரே படத்தில் ஒலித்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. எஸ். ராமதாஸ் எழுதி வானொலியில் வாரந்தோறும் ஒலித்த நகைச்சுவைத் தொடர் ஒன்று, 1976 இல் ‘கோமாளிகள்’ என்னும் படமாயிற்று. மரிக்காராக ராமதாஸ் முஸ்லிம் தமிழ் பேசினார், அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ் பேசினார், உபாலியாக எஸ். செல்வசேகரன் சிங்களவர் பேசும் தமிழைப் பேசினார். ஐயராக வந்தவர் பி. எச். அப்துல் ஹமீத். ராமதாஸ் மரிக்காராகவும், அப்துல் ஹமீத் ஐயராகவும் நடித்ததைக் கண்டு ரசிகர் மகிழ்ந்த காலம் அது. வானொலியிற் பல வாரம் பேசிப் பேசிப் பாத்திரங்கள் அவர்கள் நாவில் ஊறியிருந்தன. ஒன்று மட்டும் குறை கூறலாம்: முஸ்லிம் பேச்சு அங்கே சிரிப்புக்காக வந்தது. அழுவதற்கும் கோபிப்பதற்கும் மௌனம் காப்பதற்கும் அந்தப் பேச்சு உதவும் என்பதை இனித்தான் ஒருவர் திரையிற் காட்ட வேண்டும்.

சிக்கனமாகப் படம் எடுப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956 இல் ‘ரேகாவ’ என்ற சிங்களப் படத்தை ஸ்ரூடியோவை விட்டு வெளியேறி, கிராமத்து வெளிச்சத்தில் எடுத்தார். இலங்கையின் முதற் தமிழ்ப் படமென்று கூறப்படும் ‘சமுதாயம்’ 1962 இல் 16 மில்லிமீற்றரிலேயே வந்தது. தர்மசேன பத்திராஜ 1977 இல் யாழ்ப்பாணத்தில் ‘பொன்மணி’யை எடுத்தார், காவலூர் ராஜதுரையின் கதை, சீதனமும் சாதியும் பொருள். ஆனால் அந்நாளில் இவர்கள் யாரும் நடிகரைத் தம் போக்கிற் பேச விட்டுப் பார்த்துக் கொண்டிருக்க முடியாது. 35 மில்லிமீற்றரில் ஆயிரம் அடிச் சுருள் ஒன்று 11 நிமிடத்தில் ஓடி முடிந்து விடும். ஒவ்வோர் அடியும் காசு. நடிகர் தடுமாறினால் தயாரிப்பாளரின் நெஞ்சு துடிக்கும். இன்று அந்தத் துடிப்பு இல்லை. 2015 இல் ஷோன் பேக்கர் என்ற அமெரிக்கர் கைப்பேசிகளைக் கொண்டே ‘டாஞ்சரின்’ என்ற முழுநீளப் படத்தை எடுத்து முடித்தார். வசதி இப்போது நம் சட்டைப் பையில் இருக்கிறது.

வசதி இருக்கிறது என்பதற்காகக் கமராவைத் திருப்பி வைத்து ‘பேசுங்கள்’ என்றால் போதுமா? போதாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம் பகுதியில் நெல்வயற் காவலிலும் கலியாண வீட்டிலும் கவி பாடிய பெரியோரை நினைத்துப் பாருங்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் அக்கவிகளைத் தேடித் தொகுத்திருக்கிறார்கள். ஒருவர் பாட மற்றவர் உடனே எதிர்க்கவி கட்டுவார். அது அந்த நேரத்தில் பிறந்ததுதான். ஆனால் மெட்டும் அடியும் உவமையும் அவருக்குச் சிறு வயது முதலே பழக்கம். கரை தெரிந்தவனுக்கே தோணியை விட்டுக் கொடுக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பேசுவோம். மருதமுனையில் ஒரு நெசவாளர் வீடு. தந்தை இல்லை. மூத்த மகன் வளைகுடா நாட்டில் பல ஆண்டு உழைத்து அனுப்பிய பணத்தில் வீடு எழும்பியிருக்கிறது. நம் ஊர் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. தங்கைக்குக் கலியாணம் பேசி, வீட்டைக் கொடுப்பதென்று உம்மா வாக்குக் கொடுத்து விட்டார். மகன் ஊர் திரும்புகிறான். அவனுக்கோ யாரும் அறியாத கடன் இருக்கிறது. ஒரு மாலை நேரத்தில், ‘உம்மா, காணி உறுதி எங்க?’ என்று கேட்கிறான்.

இந்தக் காட்சிக்கு வசனம் எழுத வேண்டாம். ஆனால் நடிக்கிற மூவரையும் பல நாள் தனித்தனியே தயார் செய்ய வேண்டும். மகனாக நடிப்பவருக்கு மட்டும் கடனைப் பற்றிச் சொல்ல வேண்டும்: எவ்வளவு, யாரிடம், எந்த நாளுக்குள் என்பது வரை. உம்மாவாக நடிப்பவர் அறிந்தது வாக்குக் கொடுத்ததை மட்டும். தங்கைக்கு இரண்டும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், காக்கா அனுப்பிய கடைசிப் பணம் வழமையை விடக் குறைவு என்பதே. பிறகு மூவரையும் ஒரே முற்றத்தில் அமர்த்திக் கமராவை ஓட விட்டால், ஒவ்வொருவரும் மற்றவர் வாயிலிருந்து வருவதை உண்மையாகவே முதன் முறை கேட்பார்கள். ஆங்கிலேய நெறியாளர் மைக் லீ இம்முறையைப் பல ஆண்டு கையாண்டவர். 1996 இல் கான் விழாவிற் பெரும் பரிசு பெற்ற அவருடைய படத்தில், தான் பெற்றுத் தத்துக் கொடுத்த மகளை ஒரு தாய் சந்திக்கிறாள். மகளாக வருபவர் கறுப்பினப் பெண் என்பது, ஒத்திகையில் நேருக்கு நேர் காணும் வரை தாயாக நடித்த பிரெண்டா பிளெத்தினுக்குச் சொல்லப்படவில்லை.

உம்மாவாக யார் நடிப்பது என்று வாசகர்கள் கேட்பது நமக்குக் கேட்கிறது. இது மழுப்பி விடக் கூடிய கேள்வியன்று. நம் ஊர்களில் பெண்கள் கமராவுக்கு முன் வருவதை விரும்பாத குடும்பங்கள் பல. சினிமாவே வேண்டாம் என்னும் பெரியோரும் உளர். அவர்களைப் பழமைவாதிகள் என்று தள்ளி விட்டுப் படம் எடுக்கப் போகிறவர், யாரைப் பற்றிப் படம் எடுக்கப் போகிறார்? விரும்பி முன்வருவோரை அவர் வீட்டாரின் சம்மதத்தோடு நடிக்க வைக்கலாம். யாரும் வராவிடில் வேறு வழியும் உண்டு. அந்நியர் வந்தால் உம்மாமார் கதவுக்குப் பின்னால் நின்றே பேசுவது நாம் கண்ட வழக்கந்தானே? கமரா மகனின் முகத்தில் நிற்கட்டும். உம்மாவின் குரல் மட்டும் கதவுக்குள்ளிருந்து வரட்டும். வானொலி முஸ்லிம் நிகழ்ச்சி நாடகங்களில் நம் பெண்களின் குரலைக் கேட்டுக் கண்ணீர் விட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. காணாத முகத்துக்கு உள்ள வலிமையைக் குறைவாக எண்ண வேண்டாம்.

ஈரானிய நெறியாளர் அப்பாஸ் கியரோஸ்தமியின் ‘செர்ரிப் பழத்தின் சுவை’ 1997 இல் அதே கான் விழாவிற் பெரும் பரிசைப் பகிர்ந்து கொண்டது. படத்தின் பெரும் பகுதி ஒரு மோட்டார் வண்டிக்குள் இருவர் பேசுவது. உண்மையில் அந்த இருவரும் ஒருவரையொருவர் காணவே இல்லை! ஒருவரைப் படம் பிடிக்கும்போது மற்ற ஆசனத்தில் இருந்து பேச்சுக் கொடுத்தவர் கியரோஸ்தமியே. முக்கிய பாத்திரமேற்றவரும் நடிகரல்லர், கட்டடக் கலைஞர். நடிப்பறியாத ஒருவரிடம் இயல்பான பேச்சை வரவழைக்க, நெறியாளரே எதிரில் அமர்ந்து உரையாடுவது மிகச் சிறந்த உபாயம். செலவும் இல்லை.

இனிச் சில நடைமுறைத் தொல்லைகள். எழுதாத பேச்சை நடிகர் இரண்டாம் முறை அப்படியே பேச மாட்டார். முதல் முறை தேநீர்க் கோப்பையை வலக் கையில் எடுத்தவர் அடுத்த முறை எடுக்கவே மாட்டார். துண்டுகளை ஒட்டும்போது கோப்பை மாயமாய் மறையும். ஆகவே இரண்டு கமராக்களை ஒரே வேளையில் இரு புறமும் வைத்துப் பிடிப்பது நன்று. அடுத்தது ஒலி. கடலின் இரைச்சலும் கச்சான் காற்றும் சேர்ந்தால் பேச்சை விழுங்கி விடும். கழுத்துப் பட்டிக்குள் மறைக்கும் சிறு ஒலிவாங்கிகள் இன்றியமையாதவை. கமராவில் மிச்சம் பிடித்தாலும் இதில் மிச்சம் பிடிக்கலாகாது.

பாங்கு ஒலிக்கும் நேரமும் உண்டு. காட்சி நடக்கும்போது அஸர் பாங்கு கேட்டால் ‘நிறுத்துங்கள்’ என்று கத்த வேண்டாம். பேசிக் கொண்டிருந்தவர் தாமாகப் பேச்சை நிறுத்துவார். பெண்கள் முக்காட்டைச் சரி செய்து கொள்வார்கள். கடும் வாக்குவாதத்தின் நடுவில் அந்த அமைதி விழுந்தால், அதை எந்த வசனகர்த்தா எழுதித் தருவார்? ஓட விடுங்கள்.

சுருள் செலவு போனாலும் காலச் செலவு போகவில்லை. தொண்ணூறு நிமிடப் படத்துக்குப் பத்து மடங்கு பிடித்தால் பதினைந்து மணி நேரப் பதிவு சேரும். அத்தனையும் ஒரு முறை பார்த்து, எந்த நிமிடத்தில் எவர் என்ன சொன்னார் என்று எழுதி, பிறகே வெட்டி ஒட்டத் தொடங்க வேண்டும். எழுதாமல் எடுத்த படத்தை எழுதுவது இந்த மேசையில்தான். ஆர்வத்தோடு தொடங்கிய பல படங்கள் இங்கே படுத்து உறங்குகின்றன.

பணக் கேள்வியை மறக்கவில்லை. சத்தியஜித் ராய் 1952 இல் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்கி, மனைவியின் நகையை அடகு வைத்தும், ஈற்றில் மேற்கு வங்க அரசின் உதவி பெற்றும் 1955 இல் முடித்த கதை பலரும் அறிந்தது. முதற் காட்சிக்காக நாணற்பூ வெளியொன்றில் ஒரு நாள் பிடித்து, மறு வாரம் போனால் மாடுகள் பூ முழுவதையும் மேய்ந்து விட்டனவாம். அடுத்த பூக்கும் பருவம் வரை அக்காட்சி காத்திருந்தது. இன்னொரு வழியைக் காட்டியவர், தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த கேரளத்து ஜோன் ஆபிரகாம். தம் ஒடேசா இயக்கத் தோழரோடு ஊர் ஊராகச் சென்று, மக்களுக்குப் படம் காட்டி, அவர்கள் தந்த சிறு தொகைகளைச் சேர்த்தே 1986 இல் ‘அம்ம அறியான்’ படத்தை முடித்தார். வாசிகசாலைக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் வீடு வீடாய்ச் சென்று பணம் சேர்த்துப் பழகிய நம் ஊர்களுக்கு இது புரியாத வழியன்று. சேர்ந்த பணத்தில் முதற் பங்கு, நடிப்பவருக்கும் உழைப்பவருக்கும் மூன்று வேளைச் சோற்றுக்கு. நாட்கூலியை விட்டு வருகிற மீனவருக்கு அந்த நாட்கூலி. கமராவெல்லாம் பிறகு.

அண்மைக் காலத்தில் தமிழகத்திலிருந்தும் ஊக்கம் தரும் செய்திகள் வந்திருக்கின்றன. கோயம்புத்தூர்த் துணிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் ஏழை முஸ்லிம் ஒருவரின் ஒரு நாள் வாழ்வைக் கூறும் அருண் கார்த்திக்கின் ‘நசீர்’, திலீப் குமாரின் சிறுகதையைத் தழுவி 2020 இல் வந்தது. மதுரைப் பக்கத்து வெயிலில் தந்தையும் மகனும் நடக்கும் பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021 இல் ரொட்டர்டாம் விழாவின் புலி விருதை வென்றது. அதிலே நடித்த சிறுவன் முன்பின் நடித்தறியாதவன். சிறு ஊர், சில மனிதர், ஒரு நாள்.

கடைசியாக ஒரு செய்தி. படம் முடிந்த பின் செய்ய வேண்டியது. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானபோது, அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. எரிந்தவை சில படங்களுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. நம் கரையின் கதை வேறு. 2004 டிசம்பர் 26 இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் கடல் கொண்டு போயிற்று. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் தப்பியவர் பலரிடம் இறந்தவரின் புகைப்படம் ஒன்று கூட மிஞ்சவில்லை. ஆதலால் உம்மாவின் குரலைப் பதிந்த அந்தப் பதினைந்து மணி நேரத்தையும், படத்தில் சேராத பகுதிகள் உட்பட, மூன்று பிரதி எடுங்கள். ஒன்று ஊரில் இருக்கட்டும். ஒன்றைக் கண்டியிலோ கொழும்பிலோ உள்ள உறவினரிடம் கொடுங்கள். மற்றதைக் கட்டாருக்கோ லண்டனுக்கோ போகிற காக்காவின் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.